கணக்கு வாத்தியார் பதில்கள்: தப்பு விடையையும் படித்துப் பாருங்கள்

பிள்ளைக்குக் கணக்கு தெரிகிறதா இல்லையா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? இந்த முறை வந்த கடிதங்களில் இந்தக் கவலைதான் அதிகம். முப்பது வருஷம் அரசுப் பள்ளியில் கணக்கு எடுத்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும்.

என் மகள் ஆறாம் வகுப்பு. கணக்கில் 90க்குக் குறைந்ததே இல்லை. போன வாரம் கடையில் தக்காளி கிலோ 60 ரூபாய், முக்கால் கிலோ எவ்வளவு என்று கேட்டேன், முழித்தாள். வீட்டுக்கு வந்து 3/4 × 60 என்று எழுதிக் கொடுத்தால் உடனே 45 என்கிறாள். இவளுக்குக் கணக்கு தெரியுமா, தெரியாதா? (ஒரு அம்மா, திருப்பூர்)

பெருக்கத் தெரிகிறது. எப்போது பெருக்க வேண்டும் என்று தெரியவில்லை. இரண்டும் வேறு வேறு. நம் பள்ளித் தேர்வுகள் பெரும்பாலும் முதலாவதைத்தான் கேட்கின்றன. பின்னப் பெருக்கல் பாடம் முடிந்த மறுநாள் பின்னப் பெருக்கலிலேயே பத்துக் கணக்கு கொடுத்தால் பிள்ளை யோசிக்கவே வேண்டாம், எதைப் பார்த்தாலும் பெருக்கினால் போதும். புத்தகத்துக் கணக்கில் எண்ணை மட்டும் மாற்றி, சில சமயம் அதைக்கூட மாற்றாமல் கேட்கிற டெஸ்டில் 90 வாங்குவதற்கு உழைப்பு வேண்டும், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்கிற கேள்விக்கு அந்த 90ல் பதில் இல்லை.

இந்த விஷயத்தில் ஒரு பழைய ஆய்வு உண்டு, கணக்கு ஆசிரியர் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. 1973ல் அமெரிக்காவில் எர்ல்வாங்கர் என்ற ஆய்வாளர் பென்னி என்று ஒரு பன்னிரண்டு வயதுப் பையனோடு உட்கார்ந்து பேசினார். அந்த வகுப்பில் பிள்ளைகள் தாங்களே பாடத்தைப் படித்து, தாங்களே டெஸ்ட் எழுதி, விடைப் பட்டியலை வைத்து அது திருத்தப்பட்டதும் அடுத்த பாடத்துக்குப் போக வேண்டும். பென்னி அதில் நன்றாக முன்னேறிக்கொண்டிருந்த பையன். ஆனால் 2/10ஐத் தசமத்தில் எழுதச் சொன்னால் 1.2 என்றான். 5/10 என்றால் 1.5. மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும் கூட்டி நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுவான்! இப்படித் தானாகவே பல விதிகள் உண்டாக்கி வைத்திருந்தான். டெஸ்டுகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அருகில் உட்கார்ந்து "இது எப்படி வந்தது?" என்று ஒருவர் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள், கேள்வியைத் திருப்பிப் போடுங்கள். "3/4 × 60 எவ்வளவு" என்று கேட்பதற்குப் பதிலாக "3/4 × 60 என்று வரும்படி கடையில் நடக்கிற ஒரு கதை சொல்லு" என்று கேளுங்கள். அல்லது "சுற்றளவு 26 செ.மீ. வரும்படி மூன்று செவ்வகம் வரை, எதற்குப் பரப்பு அதிகம் என்று சொல்லு". 8க்கு 5 போடுவாள், பரப்பு 40. 10க்கு 3 போட்டால் 30தான். 7க்கு 6 என்றால் 42. சுற்றளவு மாறாமல் பரப்பு மாறுவதைப் பார்த்து "அட!" என்றாளானால் அந்த இடத்தில் புதிதாக ஒன்று விளங்கியிருக்கிறது என்று அர்த்தம். இந்த மாதிரிக் கேள்விக்கு மனப்பாடம் உதவாது. வாரத்துக்கு இரண்டு போதும், அதுவும் பரீட்சை மாதிரி வேண்டாம், சமையல் செய்துகொண்டே கேளுங்கள்.

எனக்கு நேர் எதிர்ப் பிரச்சினை. மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஏழாவது படிக்கிற என் பையன் கடையில் கல்லாவில் நின்றால் ஒரு ரூபாய் தப்பாது. பள்ளியில் கணக்கில் 30 மார்க். "உங்க பையனுக்குக் கணக்கே வராது" என்கிறார்கள். (ஒரு அப்பா, திண்டுக்கல்)

வராது என்று சொன்னது தப்பு. இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் நானே ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்.

என் வகுப்பில் ஒரு பெண் 1/4 + 1/2 = 2/6 என்று எழுதினாள். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே நாலும் இரண்டும் ஆறு. பெரிதாகப் பெருக்கல் குறி மாதிரி ஒரு தப்புப் போட்டுவிட்டு அடுத்த நோட்டுக்குப் போய்விட்டேன். அந்த வாரம் சந்தைக்குப் போனால் அதே பெண் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நிறுத்துக்கொண்டிருக்கிறாள். ஒருவர் கால் கிலோ கேட்டார், போட்டாள், "சரி, இன்னும் அரைக் கிலோ சேர்த்துப் போடு" என்றார், "மொத்தம் முக்கால்" என்று சொல்லிக் காசும் சரியாகக் கேட்டாள். காலும் அரையும் முக்கால் என்பது அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். என் கரும்பலகையில் இருந்த 1/4 என்ற கிறுக்கல்தான் அந்தக் 'கால்' என்பது அவளுக்குத் தெரியாது. அதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, சொல்ல வேண்டியவன் நான்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டு, "2/6 என்றால் ஆறு பாகத்தில் இரண்டு, அதாவது மூன்றில் ஒன்று. அது அரையைவிடப் பெரிசா, சின்னதா?" என்று கேட்டேன். சின்னது என்றாள். "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்து போகுமா?" சிரித்துவிட்டாள். அதற்கு மேல் நான் அதிகம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

உங்கள் பையன் விஷயத்திலும் முதல் வேலை எங்கே இணைப்பு அறுந்திருக்கிறது என்று பார்ப்பது. அவன் எழுதிய விடைத்தாளை எடுங்கள். தப்பான ஒவ்வொரு கணக்கையும் வாயால் சொல்லுங்கள், முடிந்தால் உங்கள் கடைச் சரக்கை வைத்தே. வாயால் சொன்னதும் போட்டுவிட்டால் அவனுக்குக் கணக்கு தெரிகிறது, எழுத்தும் குறியும்தான் பழகவில்லை. அவன் வாயால் சொன்னதை அவனையே எழுதச் சொல்லி, அதன் பக்கத்தில் புத்தக முறையை வையுங்கள். வாயாலும் வரவில்லை என்றால் அந்தப் பாடத்தையே முதலிலிருந்து பார்க்க வேண்டும். இரண்டுக்கும் மருந்து வேறு, ஆனால் விடைத்தாளில் இரண்டும் ஒரே மாதிரி பூஜ்ஜியமாகத்தான் தெரியும். இந்தக் குறிப்போடு ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். சண்டைக்கு இல்லை, "சார், இவன் வாயால் சொல்கிறான், எழுத வரவில்லை" என்று குறிப்பாகச் சொன்னால் எந்த ஆசிரியரும் காது கொடுப்பார்.

நான் நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை, பணிக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒரு வகுப்பில் 42 பேர். பதிவேடு எழுதவே நேரம் போய்விடுகிறது. ஒவ்வொரு பிள்ளைக்கும் என்ன புரிந்தது என்று தினமும் பார்ப்பது நடக்கிற காரியமா? (ஒரு ஆசிரியை, கள்ளக்குறிச்சி மாவட்டம்)

நடக்கும் டீச்சர், ஆனால் கேள்வியைக் குறைக்க வேண்டும். இருபது கேள்வி டெஸ்ட் வைத்து, ஒரு வாரம் கழித்துத் திருத்திக் கொடுப்பதைவிட, நல்லதாக ஒரே ஒரு கேள்வி கேட்டு அன்றைக்கே விடையைப் பார்ப்பது பத்து மடங்கு பிரயோஜனம். எல்லாம் அந்த 'நல்ல கேள்வி'யில்தான் இருக்கிறது.

கடன் வாங்கிக் கழித்தலை எடுத்துக்கொள்ளுங்கள். 78லிருந்து 35 போனால் எவ்வளவு என்று கேட்டால் கழித்தல் புரியாத பிள்ளையும் 43 என்று சரியாகச் சொல்லிவிடும். அந்தக் கேள்வியால் உங்களுக்கு ஒரு தகவலும் வராது. 52லிருந்து 38 என்று கேளுங்கள். விடை 14. பாட வேளை முடிவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால் ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து எழுதி வாங்கிவிட்டு, ஆசிரியர் அறையில் டீ குடிக்கிற நேரத்தில் அவற்றைப் பிரித்து வையுங்கள். 26 என்று எழுதியவர்கள், எது பெரிய இலக்கமோ அதிலிருந்து சின்னதைக் கழித்திருக்கிறார்கள். எட்டிலிருந்து இரண்டு ஆறு, ஐந்திலிருந்து மூன்று இரண்டு, அவ்வளவுதான், மேலே கீழே என்ற கவலை இல்லை. 24 என்று எழுதியவர்கள் கடன் வாங்கியிருக்கிறார்கள், ஆனால் கொடுத்த வீட்டில் ஒன்றைக் குறைக்க மறந்துவிட்டார்கள். 90 என்று எழுதியவர்கள் கூட்டிவிட்டார்கள், குறியைக் கவனிக்கவில்லை. மூன்று குவியல், மூன்று வேறு வேறு காரணம். 90 போட்ட பிள்ளையிடம் "குறியைப் பார்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். 24 போட்ட பிள்ளைக்குப் பத்துக் குச்சிக் கட்டை அவிழ்த்துக் காட்ட வேண்டும். 26 போட்ட பிள்ளைக்கு இட மதிப்பிலிருந்தே தொடங்க வேண்டும், அது நாலைந்து நாள் வேலை. "தவறு" என்று மூன்றுக்கும் ஒரே குறி போட்டு, சரியான கணக்கைப் பலகையில் எழுதி, "எல்லாரும் பார்த்து எழுதிக்கோங்க" என்று சொன்னால் இந்த மூவரில் யாருக்கும் அது போய்ச் சேராது. நாற்பது துண்டுத்தாளைப் பிரிக்கப் பத்து நிமிஷம் ஆகாது. அதில் மார்க் போடாதீர்கள், பெயருக்குப் பக்கத்தில் பதிவேட்டில் ஏற்றவும் ஏற்றாதீர்கள். நாளைக்கு யாரோடு உட்கார வேண்டும் என்று உங்களுக்குத் தெரிவதற்காக மட்டும் அது.

தசமத்துக்கும் அப்படித்தான். 0.75, 0.5 இதில் எது பெரிது என்று கேட்டுப் பலன் இல்லை, "நீளமாக இருப்பது பெரிது" என்று நினைக்கிற பிள்ளையும் சரியாகச் சொல்லும். 0.35ஆ, 0.8ஆ என்று கேட்டால்தான் அந்த நினைப்பு வெளியே வரும். இதற்கு நேர்மாறாக, புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடினால் எண் சிறுத்துவிடும் என்று நினைக்கிற பிள்ளைகளும் உண்டு. அவர்கள் இந்தக் கேள்வியில் தப்பித்துவிடுவார்கள். அதனால் கூடவே 0.4ஆ, 0.56ஆ என்றும் கேளுங்கள். இரண்டு கேள்வியில் இரண்டு கூட்டமும் பிடிபடும். (நாம் 0.35ஐப் 'புள்ளி முப்பத்தைந்து' என்று வாசிப்பதே பாதிக் குழப்பத்துக்குக் காரணம் என்பது என் எண்ணம். 'புள்ளி மூன்று ஐந்து' என்று வாசித்துப் பழக்குங்கள். காய்கறிக் கடை எலக்ட்ரானிக் தராசில் 0.350, 0.800 என்று வருவதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள், அதையும் வகுப்புக்குள் கொண்டு வாருங்கள்.)

இன்னொரு கேள்வி, எனக்கு ரொம்பப் பிடித்தது: 8 + 4 = □ + 5. ஆறாம் வகுப்பில்கூட 12 என்று போடுவார்கள், சிலர் எல்லாவற்றையும் கூட்டி 17 என்பார்கள். சமக்குறி என்றால் 'விடையை இங்கே எழுது' என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் சமம் என்று புரியாத பிள்ளைக்கு அடுத்த வருஷம் சமன்பாடு எப்படிப் புரியும்?

துண்டுத்தாளுக்கும் நேரமில்லாத நாளில் விரலைக் காட்டச் சொல்லுங்கள். பலகையில் நாலு விடை எழுதி, எது சரி என்று யோசித்து நெஞ்சுக்கு நேராக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு விரல். ஒரே நேரத்தில் எல்லாரும் காட்ட வேண்டும், முதல் பெஞ்சுப் பிள்ளையைப் பார்த்து மற்றவர்கள் காட்டக் கூடாது. "புரிஞ்சுதா?" என்று கேட்டு "புரிஞ்சுது டீச்சர்" என்று கோரஸாக வருகிற பதிலை மட்டும் நம்ப வேண்டாம். நானும் பல வருஷம் அதை நம்பினேன்.

பதிவேடு விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2012-13ல் ஒன்று முதல் எட்டு வரை முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தபோது வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு, அதாவது பருவக் கடைசித் தேர்வுக்கு, 60 என்று பிரித்தார்கள். வளரறி என்ற சொல்லே அழகான சொல். வளர வளர அறிவது. எண்ணம் நல்ல எண்ணம்தான். ஆனால் பல இடங்களில் நடந்தது என்ன? செயல்பாடு என்ற பெயரில் சார்ட் ஒட்டுவது, ஸ்டேஷனரிக் கடையில் வாங்கிய படத்தை வெட்டி ஒட்டி அதற்கு மார்க் வாங்குவது, அம்மா செய்து கொடுத்த மாதிரிக்குப் பிள்ளைக்கு மார்க். வடிவியல் சார்ட்டின் ஓரத்தில் ஜிகினா ஒட்டியதற்கும் கோணம் புரிந்ததற்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் வைக்கிற செயல்பாட்டில் பிள்ளை வாய் திறந்து விளக்க வேண்டிய இடம் ஒன்றாவது இருக்கட்டும். அந்தத் துண்டுத்தாளையே கோப்பில் வைத்து, மறு வாரம் அதே பிள்ளை சரியாகப் போட்ட தாளையும் சேர்த்து வைத்தால் அதைவிட நல்ல ஆவணம் எந்த ஆய்வுக்கு வேண்டும்?

நோட்டுத் திருத்தும்போது மார்க் போடாமல் குறிப்பு மட்டும் எழுதலாம் என்று ஒரு பயிற்சியில் சொன்னார்கள். மார்க் இல்லாவிட்டால் பிள்ளைகள் மதிப்பார்களா? (கணித ஆசிரியர், தஞ்சாவூர்)

முதல் இரண்டு வாரம் "சார், எத்தனை மார்க்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், பிறகு விட்டுவிடுவார்கள். 1988ல் ரூத் பட்லர் என்பவர் இஸ்ரேலில் செய்த ஆய்வு இதைப் பற்றியதுதான். ஒரு பிரிவுக்கு மார்க் மட்டும், ஒரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும். குறிப்பு மட்டும் பெற்றவர்கள்தான் அடுத்த முறை முன்னேறினார்கள். இரண்டும் பெற்றவர்கள், மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள், ஏனென்றால் மார்க்கைப் பார்த்ததும் கண் அங்கேயே நின்றுவிடுகிறது. அது கணக்குப் பாடத்தை வைத்துச் செய்த ஆய்வு இல்லை, ஆனால் என் வகுப்பிலும் நான் பார்த்தது இதையேதான்.

ஆனால் குறிப்பு என்றால் 'நன்று', 'இன்னும் முயற்சி தேவை' இல்லை. அதைப் படித்துவிட்டுப் பிள்ளை என்ன செய்யும்? "மூன்றாவது வரியில் அடைப்புக்குறியை நீக்கும்போது குறைக் குறியைப் பார், அங்கிருந்து மறுபடியும் போடு" என்று எழுதுங்கள். அல்லது "ஐந்தில் ஒன்று தப்பு, எது என்று நீயே கண்டுபிடி" என்று மட்டும் எழுதிக் கொடுத்துப் பாருங்கள், வகுப்பே தலையைக் குனிந்து தேடும். எழுதிய குறிப்பைப் பார்த்துத் திருத்திப் போட அன்றைய பாடவேளையில் பத்து நிமிஷம் கொடுங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் ராத்திரி உட்கார்ந்து எழுதியதெல்லாம் வீண்.

தள்ளுபடிக் கணக்கு. 400 ரூபாய்ச் சட்டைக்கு 15 சதவீதம் தள்ளுபடி. என் மகன் "10 சதவீதம் 40, அதில் பாதி 20, ஆக 60, விடை 340" என்று எழுதினான். விடை சரி, ஆனால் ஸ்டெப் இல்லை என்று மார்க் குறைத்துவிட்டார்கள். நியாயமா? (கோவில்பட்டி)

என் கையில் அந்தத் தாள் வந்திருந்தால் முழு மார்க் போட்டு, அவனைப் பலகைக்கு வரச் சொல்லி எல்லாருக்கும் விளக்கச் சொல்லியிருப்பேன். சதவீதம் என்றால் என்ன என்று தெரியாதவன் இப்படிப் போட முடியாது. 15/100 × 400 என்று எழுதினவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும் என்பது சந்தேகம்தான்.

அதே சமயம் ஆசிரியரைத் திட்டாதீர்கள். யோசித்த வழியைத் தாளில் காட்டச் சொல்வது சரியான பழக்கம், பொதுத்தேர்வில் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. உங்கள் மகன் தன் வழியைக் காட்டியிருக்கிறான், புத்தக வழியைக் காட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு வழியிலும் போடப் பழகட்டும், ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

ஐயா, நான் பத்தாம் வகுப்பு. கணக்கு வராது. டியூஷனில் "கிராஃப், செய்முறை வடிவியல், புத்தகத்தின் பின்னால் இருக்கிற ஒரு மார்க் இதை மட்டும் படி, பாஸ் ஆகிடலாம்" என்கிறார்கள். அப்படிச் செய்யலாமா? (மாணவர், விழுப்புரம் மாவட்டம்)

தம்பி, உன் பயம் எனக்குப் புரிகிறது, அதனால் முதலில் கணக்கையே பார்ப்போம். ஒரு மார்க் 14. இரண்டு மார்க் பத்து எழுத வேண்டும், அது 20. ஐந்து மார்க் பத்து, அது 50. செய்முறை வடிவியல் எட்டு, கிராஃப் எட்டு, ஆக 16. மொத்தம் 100, பாஸ் 35. 16ம் 14ம் முழுசாக வந்தாலும் 30தான், இன்னும் ஐந்து வேண்டும். அந்த 14ல் புத்தகத்தின் பின்னால் இல்லாமல் பாடத்துக்குள்ளிருந்து எடுக்கிற கேள்வியும் வரும், அதனால் முழுசாகக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளாதே. டியூஷனில் சொல்வது பொய் இல்லை, ஆனால் கரையோரமாகவே நடக்கிற வழி.

கிராஃபும் செய்முறை வடிவியலும் கட்டாயம் பழகு, அதில் தப்பில்லை. அதோடு உனக்குக் கொஞ்சமாவது பிடிபடுகிற இரண்டு பாடத்தை எடு. 'உறவுகளும் சார்புகளும்', 'புள்ளியியலும் நிகழ்தகவும்' இரண்டும் பழைய பாடம் அதிகம் தெரியாதவர்களுக்கும் கைகொடுக்கும் என்று என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன்.

முக்கியமானது, உன்னை நீயே எப்படிச் சோதிக்கிறாய் என்பது. கைடைத் திறந்து வைத்து, தீர்த்த கணக்கைப் பார்த்து "ஆமா, புரியுது" என்று தலையாட்டுவது படிப்பு இல்லை தம்பி, எல்லாருக்கும் அப்படித்தான் புரியும். கணக்கை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு புத்தகத்தை மூடிவிட்டுப் போடு. நின்றுவிட்டால், நின்ற இடத்தில் ஒரு கோடு போட்டு, அடுத்த ஒரு வரியை மட்டும் பார், மறுபடி மூடு. அந்தக் கோடு எந்த இடத்தில் விழுகிறது என்று பார்த்தாலே உனக்கு எது தெரியவில்லை என்று தெரிந்துவிடும். காரணிப்படுத்தும் இடத்திலேயே திரும்பத் திரும்பக் கோடு விழுந்தால் உன் பிரச்சினை பத்தாம் வகுப்புப் பாடமே இல்லை, எட்டாம் வகுப்பில் விட்டுப்போனது. அதை உங்கள் சாரிடம் போய்ச் சொல். "சார், எனக்குக் கணக்கு வரல" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது, "சார், காரணிப்படுத்துறதுல நின்னுடுறேன்" என்று சொன்னால் அரை மணி நேரத்தில் சொல்லித்தந்துவிடுவார்.

பள்ளித் தேர்வு பேப்பர் வந்ததும் போன மார்க்கை மூன்றாகப் பிரி: தெரிந்தும் அவசரத்தில் விட்டது, பாதி தெரிந்தது, சுத்தமாகத் தெரியாதது. முதல் இரண்டையும் பிடித்தாலே நீ 35ஐத் தாண்டி வெகு தூரம் போய்விடுவாய். மூன்றாவதைத் தேர்வுக்கு அப்புறம் கட்டாயம் படி, ஏனென்றால் பாலிடெக்னிக் போனாலும் அது உன்னைத் தேடி வரும்.

நாங்கள் படித்த காலத்தில் கணக்கில் ஃபெயில் என்றால் அதே வகுப்பில் உட்கார வேண்டும். இப்போது எட்டாவது வரை ஆல் பாஸ். கழிக்கத் தெரியாமல் ஒன்பதாவதுக்கு வருகிறார்கள். பழையபடி ஃபெயில் போட்டால்தானே சரியாகும்? (ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், சென்னை)

ஐயா, கழிக்கத் தெரியாமல் ஒன்பதாவதுக்கு வருகிறார்கள் என்பது உண்மை. என் வகுப்புக்கும் வந்தார்கள். ஆனால் ஃபெயில் போட்ட காலத்தில் என்ன நடந்தது என்றும் யோசித்துப் பாருங்கள். 28 மார்க் வாங்கிய பையன் மறுபடியும் அதே புத்தகம், அதே டெஸ்ட், தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு. அவனுக்கு வராதது மூன்றாம் வகுப்புக் கழித்தல் என்று யாரும் பார்க்கவில்லை. பலர் இரண்டாவது முறையும் ஃபெயிலாகி மாடு மேய்க்கவோ பட்டறைக்கோ போனார்கள். அவர்கள் பள்ளியின் எண்ணிக்கையில் இல்லாமல் போனதால் பள்ளியின் தரம் நன்றாக இருந்தது போலத் தெரிந்தது.

2009ல் வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை நிறுத்தி வைக்கக் கூடாது என்று சொன்னதோடு நிற்கவில்லை. பிள்ளைக்கு என்ன புரிந்திருக்கிறது, அதைப் பயன்படுத்தத் தெரிகிறதா என்பதைத் தொடர்ந்து மதிப்பிட வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. நாம் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டோம். நிறுத்தவும் இல்லை, பார்க்கவும் இல்லை. குற்றம் அங்கேதான் இருக்கிறது என்பேன்.

பார்ப்பது பெரிய வித்தையும் இல்லை. பிரதம் என்ற தொண்டு அமைப்பு 2005லிருந்து நடத்துகிற அசர் (ASER) என்ற கல்விக் கணக்கெடுப்பில் கணக்குக்கு ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு கிராமத்து வீடுகளுக்குப் போகிறார்கள். ஓர் இலக்க எண், ஈரிலக்க எண், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுத்தல், அவ்வளவுதான். பிள்ளையோடு தனியாக உட்கார்ந்து சில நிமிஷம் செலவழித்தால் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரிந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் 2022ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் வகுப்பை விட்டுவிட்டு நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் சொல்லித்தருகிறார்கள். எல்லாப் பள்ளியிலும் ஒரே மாதிரி நடக்கிறது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை அரும்பில் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு அங்கிருந்து தொடங்குவது, 28 மார்க் போட்டு வீட்டுக்கு அனுப்புவதைவிட எவ்வளவோ மேல்.

ஒன்றாம் வகுப்பு முடித்த என் பேத்தி நூற்றி ஐந்து எழுதச் சொன்னால் 1005 என்று எழுதுகிறாள். மக்கா? (ஒரு பாட்டி, மதுரை)

அய்யோ, இல்லவே இல்லை அம்மா! 'நூறு' கேட்டது, 100 எழுதினாள். 'ஐந்து' கேட்டது, 5 எழுதினாள். காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறாள், கெட்டிக்காரப் பிள்ளை. நம் மொழியில் அது இயல்பு. தொண்ணூறு என்பதில் நூறு கேட்கிறது, ஆனால் நூறு இல்லை. தொள்ளாயிரத்தில் ஆயிரம் கேட்கிறது, ஆயிரம் இல்லை. சின்னப் பிள்ளை தடுமாறாதா?

அழித்துவிட்டு 105 என்று நீங்கள் எழுதிக் காட்டாதீர்கள். ஒரு நூறு ரூபாய் நோட்டையும் ஐந்து ஒரு ரூபாய்க் காசையும் முன்னால் வையுங்கள். நூறுகள் எத்தனை, பத்துகள் எத்தனை, ஒன்றுகள் எத்தனை என்று கேட்டு மூன்று கட்டத்தில் அவளையே எழுத விடுங்கள். பத்து ரூபாய் நோட்டு ஒன்றுமில்லையே என்று நடுக் கட்டத்தில் யோசிப்பாள். அங்கே அவள் என்ன போடுகிறாள் என்று பேசாமல் பாருங்கள், அவசரப்படுத்த வேண்டாம். அந்தத் தாளில் தேதி போட்டு எடுத்து வைத்து, பத்து நாள் கழித்து நூற்றி ஏழும் முந்நூற்றி இரண்டும் எழுதச் சொல்லி, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.